ஒரே கை, இரண்டு வழி

பொட்டலில் எழும் கேள்வி

விருதுநகர், சாத்தூர், சிவகாசி மூன்றுக்கும் நடுவே கிடக்கும் கரிசல் பொட்டல்களிலும் தண்ணீர் வற்றிய கண்மாய்களின் உள்வாயிலும், ஞாயிற்றுக்கிழமை வந்தால் டென்னிஸ் பந்து கிரிக்கெட்தான். பந்து வீசும் பையன் அதே இடத்திலிருந்து ஓடிவருகிறான். அதே மாதிரி கையைச் சுற்றுகிறான். ஒரு பந்து குத்தி உள்ளே வருகிறது. அடுத்த பந்து ஏறத்தாழ அதே இடத்தில் குத்தி வெளியே போகிறது. இன்னொன்று குத்துவதற்கு முன்பே, காற்றிலேயே கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மணிக்கட்டில் ஏதோ செய்கிறான் என்பார் ஒருவர். பக்கக்காற்று அடிக்கிறது என்பார் இன்னொருவர். கரிசல் வெடிப்பில் பட்டுத் திரும்பியது என்பார் மூன்றாமவர். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் கையும் ஓட்டமும் மாறாமல் இருக்கும்போது பந்து மட்டும் ஏன் வேறு வழியில் போகிறது என்ற கேள்விக்கு இவற்றில் எதுவும் பதில் இல்லை.

இந்த அத்தியாயத்தின் வாதம் இதுதான். பந்தின் போக்கைத் தீர்மானிப்பதில், அது எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதைவிட எந்தத் திசையில் சுழல்கிறது என்பதற்கே பெரிய பங்கு. அந்தத் திசையை நிர்ணயிப்பது பந்தைப் பிடித்திருக்கும் விதமும், பந்து கையை விட்டுப் போகும் கடைசிக் கணத்தில் எந்த விரல் அதன் எந்தப் பக்கத்தை உரசுகிறது என்பதும். இதைச் சோதிக்கக் கிரிக்கெட் மட்டும் போதாது. அங்கே காற்றும் தரையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பந்தைத் திருப்புகின்றன. எது எவ்வளவு செய்தது என்று பிரிப்பது கடினம். பந்து தரையைத் தொடாமலே மட்டைக்குப் போய்ச் சேரும் ஆட்டம் ஒன்று வேண்டும். சாஃப்ட்பால் அப்படிப்பட்டது. 1887இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உள்ளரங்க விளையாட்டாகப் பிறந்தது; இன்று நம் நாட்டில் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளின் பட்டியலிலும் இருக்கிறது. இதில் பந்தை இடுப்புக்குக் கீழிருந்துதான் விட வேண்டும். எனவே வீச்சாளர் கையை முழு வட்டமாகச் சுழற்றி, தொடையை ஒட்டிக் கொண்டுவந்து விடுவார். அந்தப் பந்தில் காற்று செய்ததை மட்டும் தனியாகப் பார்க்கலாம்.

கண் ஏமாறுகிறதா?

பந்து காற்றில் வளைவதே இல்லை, அது வெறும் கண்மயக்கம் என்று சொல்பவர்கள் வெகுகாலம் இருந்தார்கள். 1941இல் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகை புகைப்படங்களை வெளியிட்டு இந்தச் சந்தேகத்தைப் பெரிதாகவே கிளப்பியது. சந்தேகம் நியாயமானதுதான். அரை நொடிக்குள் கடந்துபோகும் ஒரு பொருளைப் பற்றிக் கண் சொல்லும் சாட்சியை அப்படியே நம்பக்கூடாது.

ஆனால் சான்று அதற்கு முன்பே இருந்தது. சாய்வாக அடிக்கப்பட்ட டென்னிஸ் பந்து வளைந்து போவதை நியூட்டன் 1672இல் ஒளியைப் பற்றி எழுதிய கடிதத்திலேயே குறிப்பிடுகிறார். 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்து, வழியில் வரிசையாகக் காகிதத் திரைகளைக் கட்டிச் சுட்டுப் பார்த்தார். குண்டு முதலில் இடப்பக்கம் போனது. பிறகு திரும்பி வலப்பக்கம் ஓடியது. வளைந்த குழலின் வலச்சுவரை உரசிக்கொண்டு வந்ததால் குண்டு சுழலத் தொடங்கியதும், அந்தச் சுழற்சியே அதைத் திருப்பியதும் அவருக்குப் புரிந்தது. காகிதத்தில் விழுந்த ஓட்டைகளுக்குக் கண்மயக்கம் கிடையாது. 1852இல் பெர்லினில் ஹைன்ரிக் குஸ்டாவ் மேக்னஸ் இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்து எழுதினார். அவர் பெயரால்தான் இது இன்று மேக்னஸ் விளைவு எனப்படுகிறது. 1959இல் லைமன் பிரிக்ஸ் என்ற அமெரிக்க இயற்பியலர் சுழலும் பேஸ்பால் பந்துகளைக் காற்றுச் சுரங்கத்தில் விழவிட்டு அளந்தார். நிமிடத்துக்கு 1,800 சுற்று சுழலும் பந்து, வீச்சாளரிடமிருந்து மட்டையாளருக்குப் போகும் தூரத்தில் 44 சென்டிமீட்டர் வரை விலகும் என்று அவர் கணக்கிட்டார்.

வளைவு உண்மை. ஆனால் மட்டையாளர்கள் சொல்லும் ‘கடைசியில் திடீரென்று திரும்பியது’ என்பதில் கண்ணுக்கும் பங்கு இருக்கிறது. காற்று பந்தை வழிநெடுக ஏறத்தாழ ஒரே அளவில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அப்படித் தள்ளப்படும் பொருள் பாதி நேரத்தில் மொத்த விலகலில் கால் பங்குதான் நகர்ந்திருக்கும். மீதி முக்கால் பங்கும் பின்பாதியில் நடக்கும். மட்டையை வீசலாமா வேண்டாமா என்று மட்டையாளர் முடிவெடுப்பது முதல் பாதியில். ஆகவே அவர் முடிவெடுத்த பிறகுதான் பந்து பெரும்பாலும் நகர்கிறது. எங்கும் திடீர்த் திருப்பம் இல்லை. சீரான வளைவின் பெரும்பகுதி, பார்க்க முடியாத நேரத்தில் நிகழ்கிறது.

காற்றைத் தள்ளும் பந்து

சிவகாசி ராக்கெட் ஏன் மேலே போகிறது? மருந்து எரிந்து எழும் வாயு வால்பக்கமாகப் பீறிடுகிறது. அதைக் கீழே தள்ளும் குழாய் தானே மேலே தள்ளப்படுகிறது. சுழலும் பந்தும் இதையேதான் செய்கிறது. அதனிடம் மருந்து இல்லை. தன்னைக் கடந்துபோகும் காற்றையே பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. காற்றை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பந்து நகர்கிறது.

பந்து காற்றை எப்படித் திருப்புகிறது? பறக்கும் எந்தப் பந்துக்கும் பின்னால் கலங்கிய காற்று ஒரு வால்போல் தொடரும். இதை வால்காற்று என்று அழைப்போம். சுழலாத பந்தின் வால்காற்று நேராகப் பின்னால் நீளும். இப்போது பந்தின் மேற்பக்கம் வீச்சாளரை நோக்கிப் பின்னால் போகும்படி சுழலட்டும். இதுதான் பின்சுழல். பந்தின் மேற்பரப்பும் அதைக் கடந்து பின்னோக்கி ஓடும் காற்றும் ஒரே திசையில் போகின்றன. எனவே காற்று மேற்பரப்பை ஒட்டிக்கொண்டு, பந்தின் முதுகைச் சுற்றி நெடுந்தூரம் வந்த பிறகே விலகுகிறது. கீழ்ப்பக்கத்தில் பரப்பு காற்றை எதிர்த்து ஓடுவதால் காற்று சீக்கிரமே பிய்ந்துவிடுகிறது. மொத்தத்தில் வால்காற்று கீழ்நோக்கிச் சாய்கிறது. பந்துக்கு மேல்நோக்கி ஒரு தள்ளல் கிடைக்கிறது. காற்றுச் சுரங்கத்தில் புகை விட்டுப் படம் எடுத்தால் இந்தச் சாய்வு பளிச்சென்று தெரியும். மேற்பக்கம் முன்னோக்கிச் சுழலும் முன்சுழலில் எல்லாம் தலைகீழ்: வால்காற்று மேலே சாயும், பந்து வழக்கத்தைவிடச் சீக்கிரம் கீழே இறங்கும்.

பந்தின் பரப்பு சொரசொரப்பாக இருப்பது இங்கே முக்கியம். சாஃப்ட்பாலின் தடித்த தையலும் டென்னிஸ் பந்தின் கம்பளிப் பூச்சும் காற்றைப் பிடித்து இழுக்க உதவுகின்றன. வழுவழுப்பான பந்து சில வேகங்களில் எதிர்பார்த்த திசைக்கு நேரெதிராகக்கூட வளையும். தெருவில் பிளாஸ்டிக் பந்தில் விளையாடும் பிள்ளைகள் ‘இந்தப் பந்து சொன்னபடி கேட்க மாட்டேங்குது’ என்று சொன்னால் அதை நம்பலாம்.

அச்சு எந்தப் பக்கம் பார்க்கிறது?

சுழலும் எந்தப் பந்துக்குள்ளும் சுழலாத கோடு ஒன்று உண்டு. பந்தின் நடுவே ஓர் ஊசியைக் குத்தி, அந்த ஊசியைச் சுற்றியே பந்து சுழல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊசிதான் சுழல் அச்சு. ஊசி பந்தின் பாதைக்குக் குறுக்கே, தரைக்கு இணையாகக் கிடந்தால் முன்சுழலோ பின்சுழலோ கிடைக்கும். பந்து கீழே இறங்கும், அல்லது இறங்கத் தாமதிக்கும். ஊசி செங்குத்தாக நின்றால் பந்து பம்பரம்போல் சுழலும். அப்போது அது இடமோ வலமோ நகரும். மூன்றாவது வகையைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஊசி பந்து போகும் திசையிலேயே நீட்டிக்கொண்டிருந்தால், பந்து துப்பாக்கித் தோட்டாபோல் திருகிக்கொண்டு போகும். இதைத் தோட்டாச்சுழல் என்போம். இதில் பந்தின் எல்லாப் பக்கமும் காற்றை ஒரேபோல் சந்திக்கிறது. ஒரு பக்கம் காற்றுடனும் மறுபக்கம் காற்றை எதிர்த்தும் ஓடும் நிலை இங்கே இல்லை. வால்காற்று நேராகவே நீள்கிறது. நொடிக்கு முப்பது சுற்று சுழன்றாலும் பந்து காற்றில் எங்கும் வளையாது.

பலம் இருந்தால் பந்து அதிகம் திரும்பும் என்று நினைப்பவர்களுக்கு இதுவே முதல் பதில். அச்சு பாதையோடு ஒட்டிக் கிடந்தால் பலமெல்லாம் வீண். அச்சு பாதைக்குச் சரியாகக் குறுக்கே கிடந்தால் சுழற்சி முழுவதும் பயன்படும். இரண்டுக்கும் நடுவே சரிபாதி சாய்ந்திருந்தால் பத்தில் ஏழு பங்கு பயன்படும். பாதையிலிருந்து பத்து டிகிரி மட்டுமே விலகியிருந்தால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் தேறும். அச்சின் சாய்வை மாற்றுவதற்குத் தோள் பலம் தேவையில்லை. விரல் பந்தின் முதுகை உரசுகிறதா, அடியை உரசுகிறதா, விலாவை உரசுகிறதா என்பது போதும்.

விரல்கள் செய்யும் வேலை

வழக்கமான ஆஃப் ஸ்பின்னில் ஆள்காட்டி விரல் தையலின் மேல் அழுந்தி, மணிக்கட்டும் முன்கையும் திருகும்போது பந்தை வலப்பக்கமாக உருட்டிவிடுகிறது. வீச்சாளரின் பின்னாலிருந்து பார்த்தால் பந்து கடிகாரத் திசையில் சுழலும். சென்னைத் தெருக்களில் சொடக்குப் பந்து என்றும், உலகக் கிரிக்கெட்டில் கேரம் பந்து என்றும் சொல்லப்படும் வீச்சில் வேறொன்று நடக்கிறது. பந்து கட்டைவிரலுக்கும் மடித்த நடுவிரலுக்கும் இடையில் இறுகி நிற்கிறது. விடும் கணத்தில் நடுவிரல் விறைத்து நிமிர்ந்து, பந்தை எதிர்த் திசையில் சுண்டிவிடுகிறது. தோளும் முழங்கையும் ஓட்டமும் ஆஃப் ஸ்பின்னில் இருந்த மாதிரியேதான். மாறியது விரல் உரசிய பக்கம் மட்டுமே. அதனால் பந்து வலக்கை மட்டையாளரை விட்டு வெளியே போகிறது. ரவிச்சந்திரன் அஸ்வின் இந்தப் பந்தைச் சென்னையின் டென்னிஸ் பந்து ஆட்டங்களில் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். 106 டெஸ்டுகளில் 537 விக்கெட் எடுத்து 2024 டிசம்பரில் அவர் ஓய்வுபெறும் வரை அது அவர் கையில் இருந்தது.

இந்தப் பிடி எங்கெல்லாம் பிறந்தது என்று பார்த்தால் ஒரு சுவையான ஒழுங்கு தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஐவர்சன் இரண்டாம் உலகப் போரின்போது நியூகினியில் ராணுவத்தில் இருந்தார். மேசைப்பந்தை நடுவிரலால் சுண்டிச் சுண்டி இந்தப் பிடியைக் கண்டுபிடித்தார். கட்டைவிரல் பார்க்கும் திசையை மாற்றியே பந்து திரும்பும் திசையை அவர் மாற்றினார். 1950-51 ஆஷஸ் தொடரில் 5 டெஸ்டுகளில் 21 விக்கெட் எடுத்தார். அவரது பிடியின் புகைப்படத்தைப் பார்த்து ஜான் கிளீசன் அதைக் கற்றுக்கொண்டு 1960களின் இறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு ஆடினார். பிறகு இலங்கையின் அஜந்த மெண்டிஸ். 2008 ஜூலை 6 அன்று கராச்சியில் நடந்த ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியாவுக்கு எதிராக 13 ரன்னுக்கு 6 விக்கெட். அடுத்து வந்த டெஸ்ட் தொடரில் 3 ஆட்டங்களில் 26 விக்கெட். ஐவர்சனின் மேசைப்பந்தும் அஸ்வினின் டென்னிஸ் பந்தும் உள்ளே வெறுமையான, எடை குறைந்த பந்துகள். ஒற்றை விரலின் சுண்டலுக்கு உடனே சுழலக்கூடியவை அவை.

இது தற்செயல் என்று தோன்றவில்லை. கணக்கும் அதையே சொல்கிறது. டென்னிஸ் பந்தின் எடை ஏறத்தாழ 58 கிராம். கிரிக்கெட் பந்து 160 கிராம். சாஃப்ட்பால் 187 கிராம் அளவில் இருக்கும். அளவிலும் பெரியது, சுற்றளவு 30 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். பந்து கனக்கக் கனக்க, பெருக்கப் பெருக்க, அதைச் சுழலவைப்பது கடினம். ஒரே சுழற்சியைத் தருவதற்கு டென்னிஸ் பந்தைவிடக் கிரிக்கெட் பந்துக்கு இருமடங்குக்கு மேலும், சாஃப்ட்பாலுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கும் முயற்சி தேவை. எனவே சாஃப்ட்பாலில் ஒற்றை விரல் சுண்டல் எடுபடாது. அங்கே இரண்டு மூன்று விரல்களின் நுனி தையலின் குறுக்கே அழுந்தி நிற்க, மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்துதான் பந்தை உருட்டிவிட முடியும். தையலைக் குறுக்கே பிடிப்பதன் காரணமும் இதுவே: விரல் வழுக்காமல் கடைசிவரை இழுக்க ஒரு பிடிமானம் கிடைக்கிறது. பந்தை உள்ளங்கைக்குள் அழுத்திப் பிடித்தாலோ, விரல்முட்டிகளால் தாங்கி விட்டாலோ, விரல்நுனி உரசல் குறைந்து சுழற்சியும் வேகமும் குறையும். வேண்டுமென்றே மெதுவாக வீசப்படும் சேஞ்சப் பந்துக்கு அந்தப் பிடி உதவுகிறது. கை முழு வேகத்தில் சுற்றுவதைப் பார்த்து வேகப் பந்தை எதிர்பார்க்கும் மட்டையாளர், பந்து வருவதற்கு முன்பே மட்டையை வீசிவிடுகிறார்.

ஒரு பந்தின் கணக்கு

சாஃப்ட்பாலில் மிகவும் வாதத்துக்குரிய பந்து ரைஸ் பந்து. பெயருக்கேற்ப அது எழும்பிப் போகிறது என்று வீராங்கனைகள் சொல்வார்கள். அது இயலாது என்று இயற்பியலர்கள் சொல்வார்கள். இருவர் சொல்வதிலும் உண்மை எவ்வளவு என்று ஒரே ஒரு பந்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சர்வதேச மகளிர் சாஃப்ட்பாலில் வீசும் இடத்துக்கும் மட்டையாளர் நிற்கும் இடத்துக்கும் 43 அடி, அதாவது 13.1 மீட்டர். வீச்சாளர் முன்னே எட்டி வைத்து விடுவதால் பந்து பறப்பது அதைவிடக் கொஞ்சம் குறைவு. மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் விட்டால் 0.4 நொடியில் போய்ச் சேர்ந்துவிடும். காற்றே இல்லாவிட்டால் அந்த 0.4 நொடியில் புவியீர்ப்பு மட்டும் பந்தை, அது கிளம்பிய நேர்கோட்டிலிருந்து 78 சென்டிமீட்டர் கீழே இறக்கியிருக்கும். இப்போது பந்துக்கு நொடிக்கு 20 சுற்று வேகத்தில் துல்லியமான பின்சுழல் கொடுப்போம். அளந்து அறியப்பட்ட காற்றுவிசை மதிப்புகளை வைத்துக் கணக்கிட்டால், காற்று பந்தை மேலே தள்ளும் விசை பந்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வருகிறது. எனவே பந்து 78 சென்டிமீட்டருக்குப் பதில் 53 சென்டிமீட்டர்தான் இறங்கும். அதே பந்தை அதே வேகத்தில், அதே 20 சுற்றில், முன்சுழலாக விட்டால் ஒரு மீட்டருக்கும் சற்று அதிகமாக இறங்கும். அதே 20 சுற்றைத் தோட்டாச்சுழலாக விட்டால் 78 சென்டிமீட்டர்தான். சுழலாத பந்தும் அவ்வளவுதான் இறங்கும். கையின் வேகமும் சுழற்சியின் அளவும் ஒன்றே. அச்சு மட்டும் மாறியதில் மட்டைக்கு வரும்போது அரை மீட்டர் உயர வித்தியாசம்.

ரைஸ் பந்து எழும்புகிறதா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். புவியீர்ப்பை வென்று பாதை மேல்நோக்கி வளைய வேண்டுமானால் காற்றின் தள்ளல் பந்தின் எடையையே மிஞ்ச வேண்டும். மேலே பார்த்த பந்தில் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. மனிதக் கையால் அந்த மிச்சத்தை எட்ட முடியாது. ஆனால் மட்டையாளர் பார்ப்பது வேறு. பந்து இடுப்புக்குக் கீழிருந்து மேல்நோக்கிக் கிளம்பி வருகிறது; எவ்வளவு இறங்கும் என்று அவர் அனுபவம் ஒரு கணக்குப் போட்டுவைத்திருக்கிறது. பந்து அதைவிட 25 சென்டிமீட்டர், அதாவது பந்தின் அகலத்தைப்போல் இரண்டரை மடங்கு உயரத்தில் வந்து சேர்கிறது. மட்டை அதன் அடியில் காற்றை வெட்டிவிட்டுப் போகிறது. ‘எழும்பியது’ என்று அவர் சொல்வது அவருடைய எதிர்பார்ப்போடு ஒப்பிட்டு. அந்த ஒப்பீட்டில் அவர் சொல்வது முற்றிலும் சரி. அவரை வீழ்த்தியதும் அந்த 25 சென்டிமீட்டர்தான். வீராங்கனைகளின் சொல்லைப் பொய் என்று தள்ளிவிடும் இயற்பியலர், பாதி விடையோடு நின்றுவிடுகிறார்.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. தலைக்கு மேலிருந்து எறியும் கையில், பந்தை விட்டுக் கடைசியாக விலகும் விரல்கள் பந்தின் முதுகைக் கீழ்நோக்கி இழுக்கின்றன. பின்சுழல் தானாகவே வந்துவிடுகிறது. கீழிருந்து வீசும் கையில் விரல்கள் பந்தின் முதுகை மேல்நோக்கி இழுக்கின்றன. எனவே சாஃப்ட்பாலில் இயல்பாக வருவது முன்சுழல். அதை அழுத்தமாகக் கொடுத்தால் டிராப் பந்து. ரைஸ் பந்து கையின் இயல்புக்கே எதிரானது. அதற்கு விரல்கள் பந்தின் முதுகை விட்டு அடிப்பக்கம் போய், அடியை முன்னோக்கி அறுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். மணிக்கட்டு அந்த அளவுக்குத் திரும்பாமல் பாதியில் நின்றால் விரல் பந்தின் விலாவைத்தான் உரசும்; தோட்டாச்சுழல் வந்துவிடும். ரைஸ் பந்து என்று வீசப்படும் பல பந்துகள் உண்மையில் தோட்டாச்சுழலோடுதான் போகின்றன என்பது மெதுவாக ஓட்டிய காணொலிகளில் தெரிகிறது. பயிற்சியாளர் ‘இன்னும் வேகமாகச் சுழற்று’ என்று சொன்னால் அந்த வீராங்கனைக்கு எந்தப் பயனும் இல்லை. நொடிக்கு 30 சுற்று தோட்டாச்சுழல் ஒரு சென்டிமீட்டரும் தராது. 15 சுற்று சரியான பின்சுழல் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் தரும். அவள் மாற்ற வேண்டியது விரல் இருக்கும் இடம்.

தரை கடிக்கும் சுழல்

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். தோட்டாச்சுழல் பயனற்றது என்றால், ஆஃப் ஸ்பின்னர்கள் ஏறத்தாழ அதையேதானே வீசுகிறார்கள்? பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுழல்கிறது என்றால், அச்சு பாதையோடு ஒட்டிக் கிடக்கிறது என்றுதானே பொருள்? ஆம். கிரிக்கெட்டையும் சாஃப்ட்பாலையும் அருகருகே வைத்துப் பார்ப்பதன் பலன் இங்கேதான் கிடைக்கிறது. அச்சு பாதையோடு கிடக்கும்போது பந்தின் அடிப்பக்கம் பக்கவாட்டில் ஓடுகிறது. காற்றுக்கு அது பொருட்டில்லை. ஆனால் தரையில் பட்டதும் அந்தப் பக்கவாட்டு ஓட்டத்தைத் தரை பிடித்து நிறுத்துகிறது, பந்து எதிர்ப்பக்கம் எகிறுகிறது. செங்குத்து அச்சுள்ள பம்பரச்சுழல் நேர்மாறானது. காற்றில் நன்றாக நகரும். தரையைத் தொடும் இடம் அச்சின் நுனியாக இருப்பதால் அங்கே பக்கவாட்டு ஓட்டமே இல்லை, பந்து குத்தித் திரும்பாது. காற்றில் வளைக்கும் சுழலும் தரையில் திருப்பும் சுழலும் வேறு வேறு. சாஃப்ட்பாலில் வீணாகும் தோட்டாச்சுழல்தான் ஆஃப் ஸ்பின்னரின் முதலீடு.

நல்ல ஆஃப் ஸ்பின்னரின் பந்து குத்துவதற்கு முன் கொஞ்சம் வெளியே நகர்ந்து, குத்தியதும் உள்ளே திரும்புவதும் இதனால் விளங்கும். பந்து கையை விடும்போது அச்சு பாதையோடு ஒட்டியே இருக்கிறது. சுழலும் பந்து தன் அச்சின் திசையை எளிதில் மாற்றாது. பாதையோ போகப்போகக் கீழ்நோக்கி வளைகிறது. இரண்டுக்கும் இடையே கோணம் விரிய விரிய, பயனற்றுக் கிடந்த சுழற்சி காற்றில் வேலை செய்யத் தொடங்குகிறது. பந்து ஸ்லிப் பக்கமாக மெல்ல நகர்கிறது. தூக்கிப் போட்ட பந்தில் இந்த நகர்வு அதிகம் தெரிவதும், தட்டையாகத் தள்ளிய பந்தில் தெரியாமல் போவதும் இதனால்தான். மேலேயிருந்து இறங்கும் கோணம் இல்லாவிட்டால் அந்த விரிவும் இல்லை.

வெயிலும் காற்றும்

இனி, பக்கக்காற்று என்று சொன்னவருக்கும் கரிசல் வெடிப்பு என்று சொன்னவருக்கும் பதில். பக்கக்காற்று அடித்தால் எல்லாப் பந்தையும் ஒரே பக்கம்தான் தள்ளும். உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று பிரிக்காது. வெடிப்பில் பட்டால் பந்து எப்படி வேண்டுமானாலும் போகலாம். வீச்சாளர் நினைத்த பக்கமே ஓவர் ஓவராகப் போகாது. வெயிலுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. சூடான காற்று லேசானது. சிவகாசியின் 40 டிகிரி மதியக் காற்று, 20 டிகிரி காற்றைவிட ஏறத்தாழ 6 சதவீதம் அடர்த்தி குறைவு. மேலே கணக்கிட்ட 25 சென்டிமீட்டரில் இதனால் குறைவது ஒன்றரை சென்டிமீட்டர்தான். ஊட்டியின் உயரத்தில் காற்று நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாக மெலிந்திருக்கும். அங்கே அந்த 25, 19 ஆகிவிடும். ஈரக் காற்று கனமானது, அதனால் பந்து அதிகம் வளையும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மையில் ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட மிகச் சிறிதளவு லேசானது. பட்டாசுத் தொழிலுக்கு ஏற்ற வறண்ட வானிலையால் சுழல்பந்து வீச்சாளர்களுக்குப் பெரிய லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

அவர்களுக்கு உண்மையான லாபம் தருவது டென்னிஸ் பந்து. காற்று எவ்வளவு தள்ளும் என்பது பந்தின் பரப்பைப் பொறுத்தது. அந்தத் தள்ளலுக்குப் பந்து எவ்வளவு இணங்கும் என்பது எடையைப் பொறுத்தது. டென்னிஸ் பந்து கிரிக்கெட் பந்தைவிட அகலத்தில் கொஞ்சம்தான் சிறியது. எடையிலோ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரே வேகத்திலும் ஒரே சுழற்சியிலும் டென்னிஸ் பந்து காற்றில் கிட்டத்தட்ட 2.4 மடங்கு அதிகம் விலகும். சாஃப்ட்பால் கனமாக இருந்தாலும் அகலமானது என்பதால் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கிரிக்கெட் பந்தைவிட ஒன்றரை மடங்கு விலகும். டென்னிஸ் பந்தில் மந்திரவாதிபோல் தெரியும் பையன் கிரிக்கெட் பந்தைக் கையில் எடுத்ததும் சாதாரணமாகத் தெரிவதில் அவன் திறமைக்குக் குறைவில்லை. கனமான பந்தை அவன் விரலால் அந்த அளவு சுழற்ற முடியவில்லை. சுழற்றிய அளவுக்கும் காற்று பாதிக்கும் குறைவாகவே திருப்பித் தருகிறது.

இதையெல்லாம் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு டென்னிஸ் பந்தின் நடுவே, முழுச் சுற்றாகக் கறுப்பு மார்க்கரால் பட்டைக்கோடு ஒன்று வரையுங்கள். நொடிக்கு 240 படம் எடுக்கும் வசதி இன்று பல கைபேசிகளில் இருக்கிறது. அதை விக்கெட் கீப்பருக்குப் பின்னால் வைத்துப் பந்து வரும் திசையைப் படமெடுங்கள். நொடிக்கு 20 சுற்று சுழலும் பந்தானால் ஒவ்வொரு சுற்றுக்கும் 12 படம் கிடைக்கும். கோடு நின்ற இடத்தில் அசையாமல் செங்குத்தாகத் தெரிந்தால் அச்சு குறுக்கே கிடக்கிறது. அது முன்சுழலோ பின்சுழலோ. கோடு படுக்கையாக அசையாமல் தெரிந்தால் பம்பரச்சுழல். பந்தின் முகத்தில் கோடு விசிறி இறக்கைபோல் சுற்றிச் சுற்றி வந்தால் தோட்டாச்சுழல். கோடு தள்ளாடினால், அச்சு இவற்றுக்கு இடையே எங்கோ சாய்ந்திருக்கிறது, அல்லது வரைந்த கோடு விரல் இழுத்த திசைக்குப் பொருந்தவில்லை. பிடியில் கோட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடி வீசச் சொல்லுங்கள். இரண்டு படங்களையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள்.